நழுவாத புள்ளி

1994இல் வந்த ‘காதலன்’ படத்தில் ‘முக்காலா முக்காபுலா’ பாட்டு முடியும் இடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பிரபுதேவாவின் தலை காணாமல் போகிறது. கைகள் காணாமல் போகின்றன. உடுப்பு மட்டும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக எஸ்.டி. வெங்கிக்குத் தேசிய விருது கிடைத்தது. ‘இந்தியன்’ படத்துக்காக அவருக்கே மறுபடியும் கிடைத்தது.

ஒரு புகைப்படத்தில் தலையை அழிப்பது பெரிய வேலையில்லை. அழித்த இடத்தில் பின்னால் இருக்கும் சுவரை வரைந்துவிட்டால் முடிந்தது. ஆனால் கழுத்து இருந்தவரை மறைந்திருந்த காலரின் உட்புறம் இப்போது தெரிந்தாக வேண்டும். அதை ஒருவர் உருவாக்கி, ஆடுகிறவரின் சட்டையோடு ஒட்டவைக்க வேண்டும். அவர் குதித்தால் அதுவும் குதிக்க வேண்டும், அவர் திரும்பினால் அதுவும் திரும்ப வேண்டும். சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். பத்து நொடி ஆட்டம் என்றால் 240 படங்கள். ஒவ்வொன்றிலும் சட்டை எங்கே இருக்கிறது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் காலர் சட்டையில் உட்காரும். வரைவதைவிட இந்த ‘எங்கே’ என்ற கேள்விதான் கடினம். சென்னை ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கு ட்ராக்கிங் என்று பெயர். சரியாக அமையாவிட்டால் ‘ட்ராக் ஸ்லிப் ஆகுது’ என்பார்கள்.

இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே பழைய சினிமாவின் தந்திரக் காட்சிகளில் கேமராவை அசைக்காமல் வைத்திருந்தார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அந்தக் காலத்தில் ஒரே நடிகரை இருவராகக் காட்ட வழக்கமான வழி ஒன்று இருந்தது. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை எடுப்பார்கள். ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் கேமரா ஒரு இழை நகர்ந்தாலும் கோடு தெரிந்துவிடும். அதனால் கேமராவை ஆணி அடித்ததுபோல் நிறுத்திவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது அக்காலத்துப் படமாக்கும் பாணி என்று தோன்றும். உண்மையில் அசைவை அளக்க அவர்களிடம் வழி இல்லை.

அசைவைக் கையால் பிடிக்கும் முறையும் அதே அளவுக்குப் பழையதுதான். நியூயார்க்கில் மேக்ஸ் ஃபிளைஷர் 1915இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1917இல் கிடைத்தது. தன் தம்பி டேவைக் கோமாளி வேடத்தில் ஆடவைத்துப் படம்பிடித்தார். அந்த ஃபிலிமை ஒவ்வொரு ஃபிரேமாகக் கண்ணாடிப் பலகையின் பின்னாலிருந்து பாய்ச்சி, மேலே தாள் வைத்து உருவத்தைப் படியெடுத்தார். ரோட்டோஸ்கோப் என்ற அந்தக் கருவியின் பெயர்தான் ‘ரோட்டோ’ என்று சுருங்கி, இன்று ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களின் வேலையின் பெயராக இருக்கிறது.

இனி ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், கரசங்கால் தாண்டினால் படப்பை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலை ஊருக்கு நடுவில் ஓடுகிறது. ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், கார்களை அடுக்கிக்கொண்டு வருகிற நீள வண்டிகள், நடுவில் பேருந்துகள், ஷேர் ஆட்டோக்கள். சாலையோரம் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தித் தாம்பரம் போகும் பேருந்து ஒன்று நம்மை நோக்கி வருவதை எடுத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கதையோ பொள்ளாச்சியில் நடக்கிறது. பேருந்தின் நெற்றியில் ‘தாம்பரம்’ என்று இருக்கிற பலகையை எடுத்துவிட்டு ‘பொள்ளாச்சி’ என்று வைக்க வேண்டும். தமிழ்ப் படங்களில் இது அன்றாடம் நடக்கிற வேலை. யாரும் கவனிக்காமல் போனால்தான் அது நன்றாக முடிந்த வேலை.

பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர், சீராக வருகிறது. கேமரா நொடிக்கு 25 ஃபிரேம் எடுக்கிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் பேருந்து 40 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு மீட்டர் நீளப் பொருள் திரையில் 200 பிக்சல் நீளம் தெரியும்படி லென்ஸ் இருக்கிறது. பலகையின் ஒரு மூலை கேமரா பார்க்கும் நேர்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்து 60 மீட்டரில் இருக்கும்போது அந்த மூலை திரையின் நடுவிலிருந்து 100 பிக்சல் தள்ளித் தெரியும். 40 மீட்டரில் 150. 20 மீட்டரில் 300. 10 மீட்டருக்கு வரும்போது 600.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பேருந்தின் வேகம் மாறவே இல்லை. ஆனால் 60 மீட்டரிலிருந்து 40 மீட்டர் வருகிற இரண்டு நொடியில் மூலை 50 பிக்சல்தான் நகர்கிறது, ஃபிரேமுக்கு ஒரு பிக்சல். 20 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வருகிற ஒரே நொடியில் 300 பிக்சல் பாய்கிறது, ஃபிரேமுக்கு சராசரியாக 12. உலகத்தில் சீரான அசைவு, திரையில் சீறிப் பாய்கிற அசைவு. திரையில் தெரியும் இடம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால் இப்படி ஆகிறது.

கையால் ட்ராக் செய்பவர் இந்த ஐந்து நொடி ஷாட்டின் 125 ஃபிரேமிலும் புள்ளி வைப்பதில்லை. சில ஃபிரேம்களில் மட்டும் இடத்தைக் குறிக்கிறார், அவைதான் கீஃப்ரேம்கள். நடுவில் இருப்பவற்றை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. புதிதாக வருபவர் முதல் ஃபிரேமில் ஒரு புள்ளியும் கடைசி ஃபிரேமில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டு நடுவில் போய்ப் பார்ப்பார். நடு ஃபிரேமில் பேருந்து 35 மீட்டரில் இருக்கிறது. மூலையின் உண்மையான இடம் 171 பிக்சல். இரண்டு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்த மென்பொருள் 350 என்கிறது. ‘பொள்ளாச்சி’ பலகை பேருந்தை விட்டு விலகிச் சாலைக்கு மேலே தனியாக மிதந்துகொண்டிருக்கும்.

அதனால் நடுவில் ஒரு கீஃப்ரேம், அந்தப் பாதிகளின் நடுவில் ஒவ்வொன்று என்று பிரித்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் சமமாகப் பிரிப்பது வீண். 60க்கும் 40க்கும் நடுவில், 50 மீட்டரில், நேர்கோட்டுக் கணக்கு தவறுவது 5 பிக்சல்தான். 20க்கும் 10க்கும் நடுவில், 15 மீட்டரில், தவறு 50 பிக்சல். தூரத்தில் இருக்கும்போது கீஃப்ரேம் அரிதாக வேண்டும், கிட்டே வர வர நெருக்கமாக வேண்டும். அனுபவமுள்ள கை இந்தக் கணக்கு எதையும் போடுவதில்லை. ஷாட்டை நாலு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு எங்கே அசைவின் குணம் மாறுகிறதோ அங்கே புள்ளி வைக்கிறது. பேருந்து வேகத்தடையில் ஏறும் ஃபிரேம், உச்சிக்குப் போகும் ஃபிரேம், இறங்கி அமரும் ஃபிரேம்.

எல்லா ஃபிரேமிலும் புள்ளி வைத்துவிட்டால் என்ன? தவறே வராதே என்று தோன்றும். இங்கேதான் கைவேலையின் நுட்பம் இருக்கிறது. மவுஸைப் பிடித்த கை ஒவ்வொரு முறையும் அரை பிக்சல் அங்கேயோ இங்கேயோ தவறும். அடுத்தடுத்த ஃபிரேம்களில் அந்தத் தவறு திசை மாறி மாறி வந்தால் பலகை நடுங்கும். ஜிட்டர் என்பார்கள். கீஃப்ரேம் குறைந்தால் பாதை தவறுகிறது, கூடினால் நடுக்கம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் மிகக் குறைந்த புள்ளிகளில் ஷாட்டைப் பிடிப்பவரைத்தான் நான் தேர்ந்த கலைஞர் என்பேன். நிரப்பும்போது நேர்கோட்டுக்குப் பதில் வளைகோட்டைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் குறைந்த புள்ளிகளே போதும்.

எத்தனை புள்ளி என்ற கேள்வியைவிடப் பெரியது, எந்தப் புள்ளி என்பது.

பேருந்தின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை ஓடுகிறது. ஒரு அட்டையில் சின்னத் துளையிட்டு, அதன் வழியாகப் பட்டையின் ஓரத்தை மட்டும் பார்த்தால் பேருந்து நகர்கிறதா என்றே தெரியாது. பட்டை மேலே கீழே ஆடினால் தெரியும், நீளவாக்கில் ஓடினால் தெரியாது. இதைத் துளைச் சிக்கல் என்று சொல்லலாம். ஜெர்மனியில் ஹான்ஸ் வாலாக் 1935இலேயே இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். கண்ணுக்கும் இதே சிக்கல் உண்டு, கணினிக்கும் உண்டு. ட்ராக் செய்யத் தகுந்த இடம் என்பது இரண்டு திசையிலும் மாற்றம் தெரிகிற இடம். ஜன்னல் சட்டத்தின் மூலை, நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்தின் முனை, ஹெட்லைட்டை ஒட்டிய திருகு.

கணினி இதைச் செய்யும் விதம் எளிமையானது. முதல் ஃபிரேமில் நாம் காட்டுகிற மூலையைச் சுற்றி 21க்கு 21 பிக்சல் சதுரம் ஒன்றை வெட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த ஃபிரேமில் 61க்கு 61 பிக்சல் பரப்பில் அந்தச் சதுரத்தை ஒவ்வொரு இடமாகப் பொருத்திப் பார்க்கிறது. மொத்தம் 1,681 இடங்கள். ஒவ்வொன்றிலும் 441 பிக்சல் ஒப்பீடு. ஒரு ஃபிரேமுக்கு ஏழு லட்சத்துக்கு மேல். எங்கே வித்தியாசம் மிகக் குறைவோ அங்கேதான் மூலை என்று முடிவு கட்டுகிறது.

தேடாமலே கண்டுபிடிக்கும் வழியை 1981இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் லூக்காஸும் டகேயோ கனாடேயும் எழுதினார்கள். அவர்கள் மனத்தில் சினிமா இல்லை. இரண்டு கேமராக்கள் எடுத்த படங்களைப் பொருத்தி ஆழம் அளப்பதுதான் நோக்கம். யோசனை இதுதான். ஒரு இடத்தில் வெளிச்சம் பிக்சலுக்கு 12 அளவு ஏறுகிறது. அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் வெளிச்சம் 6 மாறியிருக்கிறது. அப்படியானால் படம் அரை பிக்சல் நகர்ந்திருக்கிறது. வெறும் வகுத்தல். பிக்சலைவிடச் சின்ன அசைவும் கிடைத்துவிடுகிறது. வெற்றுச் சுவரில் ஏற்றமே இல்லாததால் வகுக்க எதுவுமில்லை, கணக்கு படுத்துவிடும். எந்த இடங்களில் இந்த வகுத்தல் இரண்டு திசையிலும் உறுதியாக நிற்கும் என்று ஜியான்போ ஷியும் கார்லோ டொமாசியும் 1994இல் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். இன்று சினிமாவிலும், காரிலும், டிரோனிலும், கைப்பேசியிலும் ஓடுகிற ட்ராக்கர்களில் பலவற்றின் வேர் இந்த இரண்டு கட்டுரைகளில் இருக்கிறது.

ஆனால் அளவுகோலில் தேறிய மூலை எல்லாம் மூலையில்லை. படப்பை ஷாட்டில் சாலையோர மரத்தின் கிளை ஒன்று பேருந்தின் கூரைக்கு முன்னால் தொங்குகிறது. கிளையும் கூரையின் விளிம்பும் வெட்டிக்கொள்ளும் இடம் கணினிக்கு அருமையான மூலையாகத் தெரியும். இரண்டு திசையிலும் மாற்றம், தெளிவான கருப்பு வெள்ளை. அந்த இடத்தில் கைவைத்துத் தொட எந்தப் பொருளும் இல்லை. கிளை ஒரு தூரத்தில், கூரை இன்னொரு தூரத்தில். பேருந்து நகர்ந்தால் அந்தப் புள்ளி கிளையின் மேல் வழுக்கிக்கொண்டே போகும். கண்ணாடியில் தெரியும் டீக்கடை போர்டும் இப்படித்தான். அது பேருந்தின் மேல் தெரிகிறதே தவிர பேருந்தோடு நகர்வதில்லை. பம்பரில் மின்னுகிற வெயில் பேருந்து திரும்புகிற விதத்துக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். மனிதர் ஒரு நொடி பார்த்தால் இது கிளை, இது பிம்பம், இது வெயில் என்று விலக்கிவிடுவார். கணினி ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அதே பொருளா என்று பார்ப்பது மனிதர். கையால் ட்ராக் செய்வதன் பயன் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தேர்ந்தெடுத்த புள்ளி சரியானது என்றாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. 60 மீட்டரில் வெட்டி வைத்த சதுரத்தை 10 மீட்டரில் தேட முடியாது. பலகை ஆறு மடங்கு பெரிதாகிவிட்டது. அதனால் கணினி ஒவ்வொரு ஃபிரேமிலும் பழைய சதுரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டிக்கொள்கிறது. ஒரு தெருவில் முதல் வீட்டுக் கோலத்தைப் பார்த்து இரண்டாம் வீட்டில் போடுகிறார்கள், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவதில் போடுகிறார்கள், தெருக்கோடிக்குப் போனால் வேறு கோலம் இருக்கிறது. ட்ராக்கும் அப்படித்தான் விலகும். ஒரு ஃபிரேமுக்குப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு ஒரே திசையில் தவறினாலும் 125 ஃபிரேமில் பன்னிரண்டரை பிக்சல் போய்விடும். எந்த இடத்திலும் பெரிய தாவல் இல்லாததால் தவறு நடந்ததாகவே தெரியாது. இதை முறிப்பது மனிதர் நடுநடுவே வைக்கிற கீஃப்ரேம்தான். அவர் ஒவ்வொரு முறையும் அந்த மூலை எது என்று புதிதாகப் பார்த்து வைக்கிறார், போன ஃபிரேமைப் பார்த்து வைப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது, இன்ஜின் அணைக்கப்படவில்லை. நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிற ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினில் நொடிக்கு 30 முறை வெடிப்பு நிகழ்கிறது. அந்த அதிர்வில் பலகை மெல்ல நடுங்குகிறது. நொடிக்கு 25 முறை மட்டும் பார்க்கிற கேமராவால் 30 முறை ஆடுவதைப் பிடிக்க முடியாது. படத்தில் அது நொடிக்கு 5 முறை ஆடுவதாகப் பதிவாகும். நாலு சிலிண்டர் இன்ஜினில் வெடிப்பு நொடிக்கு 20 முறை, அதுவும் படத்தில் 5 முறையாகத்தான் தெரியும். இந்த நடுக்கத்தைக் கையின் தவறு என்று நினைத்து ட்ராக்கை வழவழப்பாக்கினால் கெட்டது. பேருந்து நடுங்கும், புதிய பலகை மட்டும் நடுங்காது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டவில்லை என்று தெரியும். எந்த நடுக்கம் பேருந்துடையது, எந்த நடுக்கம் தன்னுடையது என்று பிரித்தறிவது ட்ராக் செய்பவரின் பொறுப்பு.

பார்ப்பவருக்கு ஏன் அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது? பத்து மீட்டர் அகலத் திரையில் 2,048 பிக்சல் இருந்தால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 4.9 மில்லிமீட்டர். பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் அது 67 வில்நொடி. ஒரு பாகையில் 3,600 வில்நொடி. நம் விழித்திரையின் மையத்தில் ஒளியுணர் செல்கள் சுமார் 30 வில்நொடி இடைவெளியில் அமைந்திருக்கின்றன. அதைவிடச் சின்னது தெரியாது என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் இரண்டு கோடுகள் ஒன்றுக்கொன்று விலகியிருப்பதை நாம் 5 முதல் 10 வில்நொடி வரை கண்டுபிடித்துவிடுகிறோம். பல செல்களின் தகவலை மூளை சேர்த்துக் கணக்கிடுவதால் இது முடிகிறது. வெர்னியர் அளவுகோலை வாசிக்க முடிவதும் இந்தத் திறனால்தான். 1975இல் ஜெரால்ட் வெஸ்ட்ஹைமர் இதற்கு மீக்கூர்மை என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். பலகை பேருந்தின் சட்டத்திலிருந்து ஐந்தில் ஒரு பிக்சல் விலகினால் 13 வில்நொடி. கண்ணின் எல்லைக்குள் அது வந்துவிடுகிறது.

முழுப் படமும் இரண்டு பிக்சல் நகர்ந்தால் நமக்குத் தெரியாமல் போகலாம். ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு பொருள்கள் கால் பிக்சல் விலகினால் தெரிந்துவிடும். சேர்ந்து நகர்பவற்றை ஒரே பொருளாகப் பார்ப்பது நம் பார்வையின் அடிப்படை விதிகளில் ஒன்று என்று மேக்ஸ் வெர்தைமர் 1923இல் எழுதினார். புதரில் பதுங்கி நகர்வது ஒரு விலங்கா, இரண்டா என்று அறிய இந்த விதி உதவியிருக்க வேண்டும். ட்ராக் கலைஞர் ஏமாற்ற வேண்டியிருப்பது இந்தப் பழைய திறமையைத்தான்.

அதனால் தன் வேலையைச் சரிபார்க்க அவர் ஒரு உத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஜிட்டர் தெரியாது. ஓடினால்தான் தெரியும். ஓடினாலோ பேருந்து பாய்கிற வேகத்தில் கண் அதைத் துரத்துவதிலேயே களைத்துவிடும். ஆகவே நிலைமையைத் தலைகீழாக்குகிறார். ட்ராக் செய்த புள்ளியைத் திரையின் நடுவில் நிறுத்தி, உலகத்தை நகரவிடுகிறார். இப்போது பலகையின் மூலை அசையாமல் நடுவில் நிற்க வேண்டும். சாலையும் கடைகளும் லாரிகளும் பின்னால் ஓடலாம். மூலை துளி துடித்தாலும் உடனே கண்ணில் படும். துடித்த ஃபிரேமுக்குப் போய் அங்கிருக்கும் கீஃப்ரேமை அழித்துவிட்டு அல்லது அரை பிக்சல் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்.

பலகைக்குப் பதில் கதையில் ஒரு பொருள் பேருந்தின் கூரைமேல் உட்கார வேண்டும் என்றால் இரு பரிமாண ட்ராக் போதாது. 2012இல் வந்த ‘நான் ஈ’யில் படப்பிடிப்பில் ஈ கிடையாது. ஈ உட்கார்ந்த இடமெல்லாம் முப்பரிமாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். 2024இல் வந்த ‘அயலான்’ படத்தின் வேற்றுலகவாசியை உருவாக்கிய ஃபேன்டம் எஃப்எக்ஸ் சென்னை நிறுவனம். இந்த வகை வேலைக்கு மேட்ச்மூவ் என்று பெயர். ஒரு திடப்பொருளின் நிலையைச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும், இடத்துக்கு மூன்று, சாய்வுக்கு மூன்று. திரையில் ஒரு புள்ளி இரண்டு எண்களைத் தருகிறது. ஆகவே வடிவம் தெரிந்த பொருளில் மூன்று புள்ளிகள் போதும் என்று தோன்றும். மூன்று புள்ளிக்கு நாலு விடைகள் வரை வரலாம் என்பதால் நடைமுறையில் இன்னும் சில புள்ளிகளை எடுத்துக்கொள்வார்கள்.

அப்போதும் ஒன்று கிடைக்காது. கிட்டே வருகிற பொம்மைப் பேருந்தும் தூரத்தில் வருகிற நிஜப் பேருந்தும் திரையில் ஒன்றுதான். எங்காவது ஒரு உண்மையான நீளம் வேண்டும். பேருந்தின் நம்பர் பிளேட் அதைக் கொடுக்கிறது. கனரக வண்டிகளின் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் 340க்கு 200 மில்லிமீட்டர். நம் லென்ஸில் அது 10 மீட்டரில் 68 பிக்சல் அகலம், 40 மீட்டரில் 17 பிக்சல். நாற்பது மீட்டரில் அகலத்தை ஒரு பிக்சல் தவறாக அளந்தால் தூரம் இரண்டு மீட்டருக்கு மேல் தவறிவிடும். அதனால் அளவைப் பேருந்து கிட்டே இருக்கும்போது எடுத்துக்கொண்டு தூரத்துக்குப் பின்னோக்கிப் போவார்கள். ஷாட்டைக் கடைசி ஃபிரேமிலிருந்து முதலுக்கு ட்ராக் செய்யும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

கடந்த சில ஆண்டுகளில் நரம்பு வலையமைப்புகள் இந்தத் துறையில் வேகமாக நுழைந்திருக்கின்றன. 2024இல் மெட்டா வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங் 2’ ஒரு பொருளை ஒருமுறை சுட்டிக்காட்டினால் காணொளி முழுவதும் அதன் உருவைப் பிடித்துக்கொண்டு போகிறது. கிளைக்குப் பின்னால் மறைந்து மறுபடி வந்தாலும் பெரும்பாலும் அடையாளம் காண்கிறது. ரோட்டோ வேலையில் இருப்பவர்களுக்கு இதனால் வருகிற அச்சம் நியாயமானது. வெளிநாட்டுப் படங்களின் ரோட்டோவும் மேட்ச்மூவும் பெருமளவில் இந்தியாவுக்கு வருகின்றன. ஒரு நாளில் எத்தனை ஃபிரேம் முடித்தாய் என்று கணக்குக் கேட்கப்படுகிற வேலை இது. கணினி முதல் வரைவைப் போட்டுக் கொடுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை கூட வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்தே வரும். ஆனால் இந்த இயந்திரங்கள் எவ்வளவு சரி என்று எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் ஒன்று புரியும். புள்ளிகளைப் பின்தொடரும் மாதிரிகளைச் சோதிக்க டீப்மைண்ட் 2022இல் வெளியிட்ட ‘டேப்-விட்’ தொகுப்பில், நிஜக் காணொளிகளில் புள்ளிகள் எங்கே போயின என்பதைக் குறித்தவர்கள் மனிதர்கள். கையால், கணினியின் உதவியோடு, ஒவ்வொரு புள்ளியாக. கையால் குறித்தது உண்மை என்று வைத்துக்கொண்டுதான் இயந்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். சினிமாவில் கையால் ட்ராக் செய்பவர்களின் உழைப்புக்குப் படத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியலில் ஒரு வரி கிடைக்காமல் போவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

இதைக் கற்க ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் 2011 முதல் ட்ராக்கிங் வசதி இருக்கிறது. கைப்பேசியில் ஐந்து நொடி எடுத்தால் போதும். ஸ்டாண்ட் இல்லையென்றால் சுவரில் சாய்த்து வையுங்கள். நடுப்பகல் வெயிலில் எடுங்கள், ஷட்டர் வேகமாக இருக்கும், மூலைகள் இழுபடாமல் பதியும். மாலையில் எடுத்தால் ஃபிரேமுக்கு 12 பிக்சல் பாய்கிற மூலை ஆறு பிக்சல் நீளத் தீற்றலாக விழலாம், அப்போது தீற்றலின் நடுவைத்தான் எல்லா ஃபிரேமிலும் குறிக்க வேண்டும். கைப்பேசி படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் குறுக்கே பாய்கிற பேருந்து சற்றுச் சாய்ந்து தெரியும். எனவே முதல் பயிற்சிக்கு நேராக எதிரே வருகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சாலையில் இறங்கி நிற்காதீர்கள், ஒரகடம் போகிற லாரிகள் படப்பையில் வேகம் குறைப்பதில்லை. நம்பர் பிளேட்டின் ஒரு மூலையைப் பிடித்து, கடைசி ஃபிரேமிலிருந்து தொடங்குங்கள்.